சட்டமன்றம் செல்லும் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கறிஞர் ஒருவர் எம்.எல்.ஏ. ஆனால் தொகுதி மக்கள் அவரிடம் கேட்பது சாலை, குடிநீர், பட்டா, முதியோர் உதவித்தொகை. நியாயமான கேட்புகள்தான். எல்லா உறுப்பினர்களிடமும் அவற்றைக் கேட்பார்கள். உங்களிடம் மட்டுமே கேட்கக்கூடிய வேலை ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. மேசைக்கு வரும் சட்டமுன்வடிவை வரி வரியாகப் படித்து, எந்தக் கூறு நாளை நீதிமன்றத்தில் நிற்காது, எந்தக் கூறு எளியவர் தலையில் விழும் என்று நிறைவேறுவதற்கு முன்பே எடுத்துச் சொல்லும் வேலை அது. சட்ட வரைவையும் பேரவை நடைமுறையையும் நெடுங்காலமாகப் பார்த்துவரும் எங்களுக்கு, இந்த வேலை கைவிடப்பட்டுக் கிடப்பது உண்மையான கவலை. கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் முன்வடிவுகள் கொத்தாக வருகின்றன, கொத்தாக நிறைவேறுகின்றன. அவையில் வழக்கறிஞர்கள் இருந்தும் கூறுவாரியான விவாதம் நடப்பது அரிது.

இந்த இரண்டு தொழிலையும் ஒருசேரச் செய்தவர்களில் உங்கள் முன் வைக்க நாங்கள் தேர்ந்தெடுப்பது வி. ஆர். கிருஷ்ணய்யரை. உச்ச நீதிமன்ற நீதிபதியாக அவரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பு அவர் இரண்டு மாநிலச் சட்டமன்றங்களில் உறுப்பினராக இருந்தார் என்பதும், அதில் ஒன்று நம்முடைய சென்னைச் சட்டமன்றம் என்பதும் பலருக்கு நினைவில் இல்லை.

1915 நவம்பர் 15-இல் பாலக்காட்டுக்கு அருகே வைத்தியநாதபுரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையும் வழக்கறிஞர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்து, 1938 முதல் தலச்சேரியில் வழக்காடினார். விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் வாதாடியதால் 1948-இல் ஒரு மாதம் சிறையில் வைக்கப்பட்டார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1952 தேர்தலில் கூத்துப்பறம்பிலிருந்து சுயேச்சையாக வென்று சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். மாநிலங்கள் மொழிவழி பிரிந்த பிறகு 1957-இல் தலச்சேரியிலிருந்து, கம்யூனிஸ்ட் ஆதரவு பெற்ற சுயேச்சையாகக் கேரளச் சட்டமன்றத்துக்குத் தேர்வாகி, முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறை, நீர்ப்பாசனம், மின்சாரம் முதலிய துறைகளைக் கவனித்தார். 1959 ஜூலை 31-இல் அந்த அரசு கலைக்கப்பட்டதும் மீண்டும் கறுப்பு அங்கி. 1968-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1971-இல் சட்ட ஆணைய உறுப்பினர், 1973 ஜூலை முதல் 1980 நவம்பர் வரை உச்ச நீதிமன்றம். அரசியலில் இருந்தவர் என்பதற்காகவே அந்த நியமனத்துக்கு வழக்கறிஞர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவருடைய தீர்ப்புகளுக்கு உரம் சேர்த்தது அந்த அரசியல் வாழ்வுதான் என்பது எங்கள் கருத்து.

அந்த 1957 அமைச்சரவையின் சட்டங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். சட்டமியற்றும் வேலையில் என்னென்ன தவறக்கூடும் என்பது அத்தனையும் அதில் இருக்கிறது.

ஏப்ரல் 5-இல் பதவியேற்ற அரசு, ஒரே வாரத்துக்குள் குத்தகைதாரரை வெளியேற்றும் நடவடிக்கைகளை நிறுத்திவைக்கும் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்த வரிசை முக்கியம். நிலச் சீர்திருத்தச் சட்டம் வரப்போகிறது என்று தெரிந்தால் நில உடைமையாளர் முதலில் செய்வது குத்தகைதாரரை வெளியேற்றுவது. முழுச் சட்டம் வரும்போது பயன்பெற ஆள் இருக்க மாட்டார். ஆகவே முதலில் தடை, பிறகு சட்டம். இன்றும் வாடகை, குத்தகை, தொழிலாளர் தொடர்பான எந்த முன்வடிவு வந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: அறிவிப்புக்கும் அமலுக்கும் இடைப்பட்ட நாட்களில் யாருக்கு என்ன நடக்கும்?

அடுத்து வந்தது கல்வி முன்வடிவு. 1957 செப்டம்பரில் நிறைவேறியது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கிவைத்தார். குடியரசுத் தலைவர் அரசியலமைப்பின் 143-ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958 மே 22-இல் வந்த கருத்து, உதவி பெறும் பள்ளிகளின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொள்ளும் 14, 15-ஆம் கூறுகளும், தொடக்க வகுப்புகளில் கட்டணம் வாங்கக் கூடாது என்னும் 20-ஆம் கூறும் சிறுபான்மையினர் பள்ளிகளைப் பொறுத்தவரை, அவர்கள் தங்கள் கல்வி நிறுவனங்களைத் தாங்களே நடத்தும் உரிமையைத் தரும் 30(1)-ஆம் உறுப்போடு மோதுகின்றன என்றது. திருத்தி நிறைவேற்றி, ஒப்புதல் கிடைத்தபோது 1959 பிறந்துவிட்டது. கட்டணமில்லாக் கல்வி என்ற நல்ல நோக்கம், இழப்பை யார் ஈடுசெய்வது என்று சொல்லாததால் சிக்கிக்கொண்டது. நோக்கம் நல்லது என்பது ஒரு கூறைக் காப்பாற்றாது.

மூன்றாவதுதான் எங்களை அதிகம் வருத்துவது. நில உறவு முன்வடிவை 1957 டிசம்பரில் அறிமுகம் செய்தவர் வருவாய்த் துறை அமைச்சர் கே. ஆர். கௌரி. அவரும் வழக்கறிஞர். 1959 ஜூனில் நிறைவேறியது. அடுத்த மாதமே அரசு கலைந்தது. ஒப்புதலுக்குக் காத்திருந்த முன்வடிவைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்ப, புதிய சட்டமன்றம் 1960 அக்டோபரில் திருத்தங்களோடு நிறைவேற்றியது. 1961 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. சட்டமன்றம் கலைந்ததால் முன்வடிவும் காலாவதியாகிவிட்டது என்று வழக்குப் போட்டார்கள். அவை நிறைவேற்றி ஒப்புதலுக்கு அனுப்பிய முன்வடிவு அவை கலைவதால் சாகாது என்று உச்ச நீதிமன்றம் 1961 டிசம்பரில் சொன்னது. அதே நாளில் இன்னொரு வழக்கில் அதே சட்டம் அடிபட்டது. காரணம் ஒரு சொல்: ‘எஸ்டேட்’.

நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்குக் கவசமாக 31ஏ உறுப்பு இருந்தது. ஆனால் அந்தக் கவசம் ‘எஸ்டேட்’ என்று அந்தந்தப் பகுதியின் நிலச் சட்டம் எதைச் சொல்கிறதோ அதற்கு மட்டுமே. காசர்கோடு, ஹோஸ்துர்க் தாலுகாக்கள் பழைய தென்கன்னட மாவட்டத்திலிருந்து கேரளாவுக்கு வந்தவை. அங்கிருந்தவை ரயத்துவாரி நிலங்கள், அதாவது உடைமையாளர் இடைத்தரகர் இன்றி அரசுக்கே நேராக வரி கட்டும் நிலங்கள். பழைய சென்னைச் சட்டப்படி ரயத்துவாரி நிலம் எஸ்டேட் அல்ல. கவசம் இல்லாமல் போனதும், சட்டம் 14-ஆம் உறுப்பின் சமத்துவச் சோதனைக்கு நின்றாக வேண்டியிருந்தது. தேயிலை, காபி, ரப்பர்த் தோட்டங்களுக்கு விலக்குத் தந்துவிட்டு, பாக்குக்கும் மிளகுக்கும் ஏன் தரவில்லை? சட்டத்தில் பதில் இல்லை. உச்சவரம்பு கணக்கிடும் முறையிலும் இழப்பீட்டைக் குறைத்த விதத்திலும் அதே பாகுபாடு. அந்த நிலங்களைப் பொறுத்தவரை சட்டம் செல்லாது என்றாயிற்று.

நம் பக்கமும் பாடம் கற்கவில்லை. 30 தரநிலை ஏக்கர் உச்சவரம்பு வைத்த சென்னை மாநிலத்தின் 1961 நிலச் சீர்திருத்தச் சட்டத்தை, ஏறக்குறைய இதே காரணங்களுக்காக 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் பிறகுதான் 17-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்து, ரயத்துவாரி நிலத்தை ‘எஸ்டேட்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, அடிப்படை உரிமை மீறல் என்ற வழக்குகளிலிருந்து சட்டங்களைக் காக்கும் ஒன்பதாம் அட்டவணையில் 44 சட்டங்களைச் சேர்த்தது. கேரளத்தில் குத்தகைதாரருக்கு நிலம் உண்மையில் கைக்கு வந்தது 1969 திருத்தச் சட்டம் அமலான 1970 ஜனவரி 1 முதல். 1957-இல் கொடுத்த வாக்குக்கும் இதற்கும் இடையில் 12 ஆண்டுகளுக்கு மேல். அரசியல் எதிர்ப்பு பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் வரையறைப் பிரிவை யாராவது பழைய சென்னைச் சட்டத்தோடு வைத்துப் பார்த்திருந்தால் அந்த ஒரு அடியையாவது தவிர்த்திருக்கலாம்.

ஆகவே முன்வடிவைப் படிக்கும் முறை பற்றி.

திருத்த முன்வடிவைத் தனியாகப் படிக்காதீர்கள். “10-ஆம் பிரிவில், ‘தொண்ணூறு நாட்கள்’ என்பதற்குப் பதிலாக ‘முப்பது நாட்கள்’ என்று வைக்கப்படும்” என்று ஒரு வரி இருக்கும். மூலச் சட்டத்தைத் திறந்தால்தான் அது மேல்முறையீட்டுக்கான கால அளவு என்று தெரியும். ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் இப்போதுள்ள பிரிவு, இரண்டாவதில் திருத்தத்துக்குப் பின் அது எப்படி வாசிக்கப்படும், மூன்றாவதில் இன்று நிலுவையில் உள்ள ஒரு வழக்குக்கு அதனால் என்ன ஆகும். இந்த மூன்றாம் பத்தியை நிரப்ப அவையில் வேறு யாராலும் முடியாது. தினமும் கோர்ட்டுக்குப் போகும் உங்களால் முடியும். பழைய சட்டப்படி தொடங்கியவற்றைக் காக்கும் காப்புப் பிரிவு நிலுவை வழக்குகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றால், அங்கே திருத்தம் கொடுங்கள்.

பிறகு தொடக்க நாள். “அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்” என்று இருந்தால், சட்டம் அரசிதழில் கிடந்தே உறங்கலாம். எந்தத் தேதிக்குள் நடைமுறைக்கு வந்தாக வேண்டும் என்று ஒரு கடைசித் தேதியைக் கேளுங்கள்.

அடுத்து ‘வகுத்துரைக்கப்பட்ட’ (அரசு பிறகு எழுதும் விதிகளில் சொல்லப்படும்) என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் அவை தன் அதிகாரத்தில் ஒரு துண்டை அலுவலர்களிடம் கொடுக்கிறது. படிவம், பதிவேடு போன்றவற்றுக்குக் கொடுக்கலாம். யாருக்கு உரிமை, எவ்வளவு அபராதம், யார் மேல்முறையீட்டு அதிகாரி என்பதையெல்லாம் விதிக்கு விட்டால், நீங்கள் நிறைவேற்றுவது வெறும் தலைப்பைத்தான். முன்வடிவோடு இணைக்கப்படும் ஒப்படைப்பு அதிகாரக் குறிப்பாணை இதைப் பற்றியது. நிதிக் குறிப்பாணையையும் பாருங்கள். செலவு பற்றி மழுப்பலாக இருந்தால், அமல்படுத்த ஆட்களை நியமிக்கும் எண்ணம் இல்லை என்று பெரும்பாலும் பொருள்.

ஒன்றியமும் மாநிலமும் சட்டமியற்றக்கூடிய பொது அதிகாரப் பட்டியலில் உள்ள பொருளா என்று சரிபாருங்கள். தொழிலாளர், கல்வி, குற்றவியல் சட்டம் போன்றவை அதில் வருபவை. ஒன்றியச் சட்டத்தோடு முரண்படும் கூறு இருந்தால், 254(2)-ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் அது நிற்காது. எந்தக் கூறு, எந்த ஒன்றியச் சட்டத்தின் எந்தப் பிரிவோடு முரண்படுகிறது என்று கோப்பில் தெளிவாக இருக்கிறதா என அமைச்சரைக் கேளுங்கள்.

அமைச்சரிடம் அவையில் கேட்கும் ஒரு நேர்க் கேள்விக்கு, நீண்ட உரையைவிட மதிப்பு அதிகம். “இந்தக் கூறு வாடகைதாரருக்கும் பொருந்துமா?” என்று கேட்டு, “பொருந்தும்” என்ற பதிலை அவைக் குறிப்பில் ஏற்றிவிட்டால், பின்னாளில் பொருள்கோள் சண்டை வரும்போது அது உதவும். எந்தக் குறையைப் போக்க ஒரு சட்டம் வந்தது என்று அறிய அமைச்சரின் அவை உரையைப் பார்க்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1981-இல் கே. பி. வர்கீஸ் வழக்கில் ஏற்றுச் செயல்பட்டது. “பரிசீலிக்கிறோம்”, “செய்து தருகிறோம்” என்ற பதிலாக இருந்தால் அமைச்சர்கள் அவையில் தந்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்கும் உறுதிமொழிக் குழுவின் கணக்கில் அது ஏறும். அவையில் ஒரு திருத்தத்தைக்கூட முன்மொழியாமல் இருந்துவிட்டு, சட்டம் வந்த பிறகு ரிட் மனுவோடு உயர் நீதிமன்றம் போகும் பழக்கம் நல்லதல்ல.

தொழிலைத் தொடர்வது பற்றிப் பலர் குழம்புகிறார்கள். உறுப்பினராக இருந்துகொண்டே வழக்காடலாம். சட்டமன்ற உறுப்பினர் முழுநேரச் சம்பள ஊழியர் அல்ல, ஆகவே முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்காடக் கூடாது என்னும் பார் கவுன்சிலின் 49-ஆம் விதி தடுக்காது என்று 2018 செப்டம்பர் 25-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமைச்சரானால் வக்காலத்துகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே முறை. உண்மையான ஆபத்து அரசு தரப்பு வழக்குகளில் இருக்கிறது. அரசு வழக்கறிஞர், வாரியத்தின் நிலை வழக்கறிஞர் போன்ற பதவிகள் 191(1)-ஆம் உறுப்பின்படி உறுப்பினர் தகுதியைப் பறிக்கும் ‘ஆதாயம் தரும் பதவி’ ஆகிவிடக்கூடும். ராஜஸ்தானில் 1967-இல் வென்ற காந்தா கதூரியா, ஒரே ஒரு நடுவர் தீர்ப்பு வழக்குக்குச் சிறப்பு அரசு வழக்கறிஞராக இருந்தார். அதற்காகவே உயர் நீதிமன்றம் அவருடைய தேர்தலைச் செல்லாது என்றது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே மாநிலச் சட்டமன்றம் முன்தேதியிட்டு விலக்குச் சட்டம் போட்டது. உச்ச நீதிமன்றத்தில் 1969-இல் அவர் தப்பினார், அதுவும் ஒருமனதான தீர்ப்பால் அல்ல. “நான் பணமே வாங்கவில்லை” என்பதும் பதில் ஆகாது. பதவிக்கு ஆதாயம் ஒட்டியிருந்தாலே போதும் என்பது 2006-இல் ஜெயா பச்சன் வழக்கில் உறுதியானது. வேட்புமனு போடுவதற்கு முன்பே அரசு தரப்பு நியமனங்கள் எல்லாவற்றையும் எழுத்தில் ராஜினாமா செய்து, ஏற்பு ஆணையைக் கையில் வாங்கிவிடுங்கள். மாநிலத்தின் தகுதியிழப்பு விலக்குச் சட்டத்தின் பட்டியலில் அந்தப் பதவி இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

வழக்கறிஞர்கள் அவையில் தடுக்கி விழும் இன்னொரு இடம், நீதிபதிகளின் நடத்தை. 211-ஆம் உறுப்பு அதை விவாதிக்கத் தடை செய்கிறது. தீர்ப்பை விமர்சிக்கலாம். தனக்குத் தெரிந்த நீதிபதியைப் பற்றி ஆற்றாமையில் பேசிவிடுபவர் பெரும்பாலும் வழக்கறிஞர்தான். தான் வக்காலத்துப் போட்டிருக்கும் வழக்கின் பொருளைக் கேள்வியாகக் கொண்டுவருவதும் கூடாது. நிலுவை வழக்கு என்று பேரவைத் தலைவர் தடுப்பார். அதைவிட, கட்சிக்காரரின் நலனுக்கு அவையைப் பயன்படுத்தினார் என்ற பழி நிற்கும்.

தேர்தல் வழக்கும் உங்கள் வாழ்வின் பகுதிதான். 1960-இல் தலச்சேரியில் கிருஷ்ணய்யர் மிகச் சொற்ப வாக்குகளில் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். மனுப் போட்டு, வாக்குகள் மறுபடி எண்ணப்பட்டு, வென்றவராக அறிவிக்கப்பட்டார். அப்போது தேர்தல் தீர்ப்பாயம், இப்போது உயர் நீதிமன்றம். முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள். ஒரு நாள் தாமதமானாலும் மன்னிப்பு இல்லை. காலவரம்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இங்கே உதவாது. பிரதிவாதிகள் எத்தனை பேரோ அத்தனை நகல்கள், ஒவ்வொன்றிலும் ‘உண்மை நகல்’ என்று மனுதாரரே கையெழுத்திட வேண்டும். இதை ஜூனியர் கையெழுத்துக்கு விட்டவர்கள் மனுவை இழக்கும் நிலைக்குப் போயிருக்கிறார்கள். காப்புத் தொகை 2,000 ரூபாய், மனுவோடு சேர்த்தே கட்ட வேண்டும். முறைகேடு குற்றம் சாட்டினால் படிவம் 25-இல் பிரமாணப் பத்திரம். மறு எண்ணிக்கை கேட்டால் எந்தச் சாவடி, எந்த மேசை, எத்தனை வாக்கு, யார் ஆட்சேபித்தார் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். “முறைகேடு நடந்ததாக நம்புகிறேன்” என்ற வாசகத்துக்கு மறு எண்ணிக்கை கிடைக்காது. வென்றாலும் தோற்றாலும் 30 நாளில் செலவுக் கணக்குக் கொடுக்கத் தவறினால் மூன்றாண்டுத் தகுதியிழப்பு வரலாம்.

கிருஷ்ணய்யரின் பிற்கால ஆணைகளைப் படிக்கும்போது பழைய சட்டமன்ற உறுப்பினர் தெரிவார். 1975 ஜூன் 24-இல், தன் தேர்தல் செல்லாது என்ற தீர்ப்பை எதிர்த்து இந்திரா காந்தி செய்த மேல்முறையீட்டில் அவர் கொடுத்த நிபந்தனைத் தடையைப் பாருங்கள். பிரதமராகத் தொடரலாம், அவைக்கு வரலாம், பேசலாம். உறுப்பினராக வாக்களிக்கக் கூடாது, உறுப்பினருக்கான ஊதியம் பெறக் கூடாது. அமைச்சர் என்ற தகுதியையும் உறுப்பினர் என்ற தகுதியையும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்தது, இரண்டாகவும் இருந்து பார்த்த கை. ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்ற 1974 ஷம்ஷேர் சிங் தீர்ப்பில் அவர் தனியாக எழுதிய தீர்ப்புரையையும் படியுங்கள். சிறையில் இருந்தவர், சிறைத் துறை அமைச்சராக இருந்தவர், 1978-இல் சுனில் பத்ரா வழக்கில் தனிமைச் சிறையையும் கால்விலங்கையும் கட்டுப்படுத்தினார். 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் வழக்கமாகக் கைவிலங்கு பூட்டுவதைத் தடுத்தார். 1957-இல் கேரளம் வகுத்த ஏழைகளுக்கான சட்ட உதவி விதிகளிலிருந்து, 1973-இல் அவர் தலைமையிலான குழு ஒன்றிய அரசுக்குத் தந்த அறிக்கை, பிறகு இலவசச் சட்ட உதவி பற்றி 42-ஆவது திருத்தம் சேர்த்த 39ஏ உறுப்பு, 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் என்று ஒரு நேர்கோடு போடலாம். மாநில அளவில் எழுதப்பட்ட சில பக்க விதிகள் அவ்வளவு தூரம் போயின.

தொகுதிப் பணிக்கும் அவரிடம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. 1980 ரத்லாம் நகராட்சி வழக்கில், சாக்கடை கட்டப் பணமில்லை என்று நகராட்சி தப்பிக்க முடியாது என்றார். அதற்கு அடிப்படை, பொதுத் தொல்லையை அகற்ற ஆணையிடும் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு. அது இன்று, அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 152-ஆம் பிரிவு. கழிவுநீர் தேங்கும் தெருவுக்காகக் கோட்டாட்சியரிடம் இந்தப் பிரிவில் மனு கொடுக்கலாம். இடம், அளவு, எவ்வளவு காலமாக, எத்தனை வீடு, எந்த அமைப்பின் பொறுப்பு என்று எழுதி, தேதியிட்ட படங்கள் இணைத்து, குடியிருப்பவர்கள் பெயரிலேயே கொடுக்கச் செய்யுங்கள். பல தெருக்களுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி தேவைப்படாது. ஓர் ஆணை போதும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்று. கட்சி வேறுபாடின்றி அவையிலுள்ள வழக்கறிஞர்கள் அனைவரும் சேர்ந்து, நிதி முன்வடிவு தவிர்த்த ஒவ்வொரு முன்வடிவின் நகலும் விவாதத்துக்கு ஒரு வாரம் முன்பாவது மூலச் சட்டத்தின் திருத்தப்படும் பிரிவுகளோடு உறுப்பினர் கைக்கு வர வேண்டும் என்று பேரவைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். உரிமைகளைப் பறிக்கும் அல்லது புதிய தண்டனை விதிக்கும் முன்வடிவுகளை, கூறுவாரியாக ஆராயும் உறுப்பினர்களின் தெரிவுக் குழுவுக்கு அனுப்பத் தீர்மானம் கொடுங்கள். தோற்றாலும் கொடுங்கள், காரணம் குறிப்பில் இருக்கும். பேரவை மேசையில் வைக்கப்படும் விதிகளில், உங்கள் தொழிலில் அன்றாடம் புழங்கும் சட்டங்களின் கீழ் வந்தவற்றையாவது பிரித்துப் படித்து, மூலச் சட்டத்தை மீறும் விதியை அதற்கான குழுவுக்கு எழுதுங்கள். விதி மேசையில் வைக்கப்பட்ட பிறகு அதை மாற்ற அவைக்கு இருக்கும் காலம் சட்டத்துக்குச் சட்டம் மாறும். அந்த நாள் கணக்கை மூலச் சட்டத்தின் கடைசிப் பிரிவுகளில் பார்த்து, உங்கள் வாய்தா டைரியிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

தோழமையுடன்,
சட்ட வரைவும் பேரவை நடைமுறையும் பயில்வோர் சிலர்